மாதிரி விமானத்துக்கு நீர்மிதவை பொருத்துதல்

தரையில் ஓடி எழும் வானொலிக் கட்டுப்பாட்டு மாதிரி விமானத்தின் சக்கரங்களைக் கழற்றி, அவற்றின் இடத்தில் இரண்டு மிதவைகளைப் பொருத்தி, நீர்ப்பரப்பிலிருந்து எழவும் நீரிலேயே இறங்கவும் செய்வது மாதிரி விமானக் கலையில் ஒரு தனிக் கிளையாகும். நீளமான ஓடுபாதையோ வெட்டிச் சமன் செய்த புல்தரையோ இதற்குத் தேவையில்லை. அமைதியான ஏரி ஒன்று போதும். ஆனால் சக்கரம் இருந்த இடத்தில் மிதக்கும் பொருள் ஒன்றைக் கட்டிவிட்டால் விமானம் நீரிலிருந்து எழுந்துவிடாது. மிதப்பது எளிது; தெர்மாக்கோல் துண்டுகூட மிதக்கும். நீரை விட்டுப் பிரிவதுதான் கடினம். மிதவையின் நீளம், அதன் அடிப்பகுதியில் உள்ள 'படி', விமானத்தின் ஈர்ப்பு மையம், இறக்கையின் கோணம் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் அது நடக்கும்.

முன்வரலாறு

நீரிலிருந்து எழும் விமானங்கள் இரு வகைப்படும். உடற்பகுதியே படகு போல அமைந்து நீரில் அமர்வது பறக்கும் படகு. உடற்பகுதி நீரைத் தொடாமல், கீழே தனியாகப் பொருத்திய மிதவைகளின் மேல் நிற்பது மிதவை விமானம். இக்கட்டுரை இரண்டாவது வகையைப் பற்றியது. மாலத்தீவில் சுற்றுலாப் பயணிகளைத் தீவுக்குத் தீவு ஏற்றிச் செல்லும் டுவின் ஒட்டர் விமானங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை.

இயந்திர ஆற்றலால் நீரிலிருந்து எழுந்த முதல் விமானம் பிரான்சு நாட்டின் ஆன்றி ஃபாப்ர் உருவாக்கியது. 1910 மார்ச் 28 அன்று மார்செய் நகருக்கு அருகிலுள்ள பெர் உப்பங்கழியில் அவர் அதை ஓட்டினார். 50 குதிரைத்திறன் கொண்ட நோம் இயந்திரமும் மூன்று மிதவைகளும் அதில் இருந்தன. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் கிளென் கர்ட்டிஸ் சான் டியேகோவில் நீரிலிருந்து எழுந்தார். தொடக்ககால மிதவைகளின் அடிப்பகுதி தட்டையாக, படியில்லாமல் இருந்தது. கர்ட்டிஸ் தம் பறக்கும் படகுகளைச் சோதித்தபோது, இயந்திரம் முழு வேகத்தில் சுழன்றாலும் நீர் படகை விடாமல் பிடித்துக்கொள்வதைக் கண்டார். அடிப்பகுதியின் நடுவில் ஒரு வெட்டு, அதாவது படி, அமைத்த பிறகே அந்தப் பிடி தளர்ந்தது. இன்று ஒரு பள்ளி மாணவர் தெர்மாக்கோலில் செதுக்கும் மிதவையிலும் அந்தப் படி இருந்தே ஆகவேண்டும்.

எந்த விமானம் ஏற்றது

உடற்பகுதிக்கு மேலே இறக்கை அமைந்த பயிற்சி விமானமே தொடக்கநிலையாளருக்கு ஏற்றது. இறக்கை உயரத்தில் இருப்பதால் தெறிக்கும் நீர் அதில் அதிகம் படாது. திரும்பும்போது ஒரு பக்கம் சாய்ந்தாலும் இறக்கை நுனி நீரைத் தொடாது. தாழ்ந்த இறக்கை கொண்ட விமானங்களுக்கும் மிதவை பொருத்துகிறார்கள்; 1931ஆம் ஆண்டு ஷ்னைடர் கோப்பையை வென்ற சூப்பர்மரைன் எஸ்.6பி விமானத்துக்குத் தாழ்ந்த இறக்கைதான். ஆனால் அதை ஓட்டியவர்கள் தேர்ந்த விமானப்படை வீரர்கள் என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

விமானத்தைத் தரையில் நன்றாகப் பறக்கவிட்டுப் பழகிய பிறகே அதில் மிதவை பொருத்தவேண்டும். தரையிலேயே ஒரு பக்கம் இழுக்கும் விமானம் நீரிலும் இழுக்கும். குறை விமானத்திலா மிதவையிலா என்று கண்டுபிடிப்பது அப்போது பெரும்பாடாகிவிடும்.

மிதவையும் அதன் கம்பிகளும் சேர்ந்து விமானத்தின் எடையை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூட்டிவிடும். காற்றுத் தடையும் கூடும். நீரின் இழுப்போ தரையில் சக்கரம் உருள்வதைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே மோட்டாருக்குக் கூடுதல் வலு வேண்டும். பயிற்சி விமானத்துக்குக் கிலோவுக்கு 220 வாட் போதும் என்று பொதுவாகக் கணக்கிடுவார்கள். நீரில் எழ 270 முதல் 330 வாட் வரை வைத்துக்கொள்வது நல்லது. தரையில் பாதி வேகத்திலேயே எழுந்துவிடும் விமானமாக இருந்தால் கவலையில்லை.

அளவுக் கணக்கு

ஒரு லிட்டர் நன்னீர் ஒரு கிலோ எடையைத் தாங்கும். இரண்டு கிலோ விமானத்துக்கு இரண்டு லிட்டர் கொள்ளளவு போதும் என்று தோன்றலாம். அப்படிச் செய்தால் மிதவை முழுவதும் நீருக்குள் மூழ்கியபடியே நிற்கும். சிறு அலை வந்தாலும் மூக்குப் பகுதி உள்ளே போய்விடும். முழு அளவு விமானங்களுக்கான அமெரிக்க விதி, ஒவ்வொரு மிதவையும் தன் பங்கு எடையைப் போல 80 விழுக்காடு கூடுதலாகத் தாங்கவேண்டும் என்கிறது. இரண்டு மிதவைகள் இருப்பதால், ஒவ்வொன்றும் விமானத்தின் மொத்த எடையில் 90 விழுக்காட்டைத் தனியாகத் தாங்கவேண்டும் என்று பொருள். மாதிரி விமானத்துக்கும் இதையே குறைந்த அளவாகக் கொள்ளலாம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இறக்கை அகலம் 150 செ.மீ., உடல் நீளம் 120 செ.மீ., சக்கரம் இல்லாமல் எடை 1.8 கிலோ கொண்ட பயிற்சி விமானம் ஒன்று இருக்கிறது. மிதவையும் கம்பிகளும் 400 கிராம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 2.2 கிலோ. இதில் 90 விழுக்காடு ஏறக்குறைய 2 கிலோ. ஆக, ஒவ்வொரு மிதவையும் குறைந்தது 2 லிட்டர் கொள்ளளவு உடையதாக இருக்கவேண்டும்.

மிதவையின் நீளம் உடல் நீளத்தில் 75 முதல் 80 விழுக்காடு வரை இருப்பது வழக்கம். இங்கே 90 செ.மீ. என்று கொள்வோம். அகலம் 8 செ.மீ., உயரம் 6.5 செ.மீ. என்றால், அந்த அளவுள்ள செவ்வகப் பெட்டியின் கொள்ளளவு 4.68 லிட்டர். மூக்கும் வாலும் குறுகுவதால் மிதவையின் உண்மையான கொள்ளளவு அதில் 60 விழுக்காடு, அதாவது 2.8 லிட்டர் அளவில் அமையும். விமானம் நீரில் சும்மா நிற்கும்போது ஒவ்வொரு மிதவையிலும் 1.1 லிட்டர், அதாவது ஐந்தில் இரண்டு பங்கு மட்டுமே மூழ்கியிருக்கும். இது போதுமான இடைவெளி.

இரண்டு மிதவைகளின் நடுக்கோடுகளுக்கு இடையே உள்ள தொலைவு இறக்கை அகலத்தில் ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரை இருக்கலாம். நம் விமானத்துக்கு 30 முதல் 37 செ.மீ. இதைவிடக் குறைந்தால் பக்கக்காற்றில் விமானம் கவிழும். மிகவும் கூடினால் ஒரு மிதவை மட்டும் அலையில் மாட்டும்போது விமானம் அந்தப் பக்கமாகச் சுழன்றுவிடும்.

மிதவையின் மூக்கு புரொப்பெல்லருக்கு முன்னால் சில செ.மீ.ஆவது நீண்டிருக்கவேண்டும். காரணம் எளியது. புரொப்பெல்லர் மேலே இருந்து விமானத்தை முன்னோக்கி இழுக்கிறது. நீர் கீழே இருந்து மிதவையைப் பின்னோக்கி இழுக்கிறது. இரண்டும் சேர்ந்து மூக்கை நீருக்குள் அழுத்தும். அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தாங்குவது மிதவையின் முன்பகுதியில் உள்ள கொள்ளளவே. குட்டையான மிதவையை மாட்டிவிட்டு முழு வேகம் கொடுத்தால் விமானம் குட்டிக்கரணம் அடிக்கும். புரொப்பெல்லரின் நுனிக்கும் மிதவையின் மேற்பரப்பு மட்டத்துக்கும் இடையே 3 அல்லது 4 செ.மீ. இடைவெளியும் வேண்டும். சுழலும் நுனியில் மோதும் நீர்த்துளி கல்லைப் போலத் தாக்கும். மரப் புரொப்பெல்லரின் விளிம்பு சில நாள்களிலேயே அரித்துப்போகும்.

படி

மிதவையின் பக்கவாட்டுத் தோற்றத்தைப் பார்த்தால், அடிப்பகுதி மூக்கிலிருந்து பாதித் தொலைவு வரை ஏறக்குறைய நேராக வந்து, அங்கே சட்டென்று ஒரு வெட்டாக உள்வாங்கி, பிறகு வாலை நோக்கி மேலேறுவது தெரியும். அந்த வெட்டுதான் படி.

நீர் வளைந்த பரப்பை விட்டு எளிதில் பிரியாது. குழாய் நீரில் கரண்டியின் முதுகைக் காட்டினால் கரண்டி நீரை நோக்கி இழுக்கப்படுவதைக் காணலாம். படியில்லாத மிதவை வேகம் எடுக்கும்போது அதன் பின்பகுதியை நீர் இப்படித்தான் பற்றி இழுக்கிறது. எலிவேட்டரை எவ்வளவு இழுத்தாலும் வால் கீழே இறங்காது, மூக்கு மேலே வராது. படி இருந்தால், அதன் கூர்மையான விளிம்பில் நீர் பிய்த்துக்கொண்டு போகும். பின்னால் உண்டாகும் வெற்றிடத்தைப் பக்கங்களிலிருந்து புகும் காற்று நிரப்பும். பின்பகுதி முழுவதும் நீரிலிருந்து விடுபட்டு, முன்பகுதியின் சிறு பரப்பு மட்டுமே நீரைத் தொட்டு ஓடும்.

இதனால் இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. ஒன்று, படியின் விளிம்பும் மிதவையின் பக்க விளிம்புகளும் கத்தி போலக் கூர்மையாக இருக்கவேண்டும். அழகுக்காக உப்புத்தாள் போட்டு உருட்டிவிட்டால் நீர் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். தொடக்கநிலையாளர் செய்யும் பிழைகளில் இதுவே அதிகம் காணப்படுவது. மற்றது, படி போதிய ஆழமாக இருக்கவேண்டும். விமானத்தைச் சிறிதாக்கலாம், நீரின் பரப்பு இழுவிசையைச் சிறிதாக்க முடியாது. அதனால் மாதிரி மிதவையின் படி, பெரிய விமானத்தின் படியைவிட விகிதத்தில் சற்று ஆழமாக அமைக்கப்படுகிறது. 8 செ.மீ. அகல மிதவைக்கு 10 மி.மீ. ஆழம் சரியாக இருக்கும். படிக்குப் பின்னால் அடிப்பகுதி 6 முதல் 8 பாகை வரை மேலேறவேண்டும். இல்லாவிட்டால் விமானம் மூக்கைத் தூக்கும்போது மிதவையின் வால் நீரில் இடிக்கும்.

படி எங்கே இருக்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் மையக் கேள்வி. நீரில் வழுக்கி ஓடும் விமானம் படியை அச்சாகக் கொண்டுதான் மூக்கைத் தூக்கும். படி ஈர்ப்பு மையத்துக்கு வெகு பின்னால் இருந்தால், எடை முழுவதும் அச்சுக்கு முன்னால் விழும்; எலிவேட்டரால் அதைத் தூக்க முடியாது. படி ஈர்ப்பு மையத்துக்கு முன்னால் இருந்தால் விமானம் தானாகவே வாலில் உட்காரும். வேகம் வருவதற்கு முன்பே துள்ளி எழுந்து, தாங்குதிறன் இழந்து விழும்.

ஆகவே படி ஈர்ப்பு மையத்துக்கு நேர் கீழே, அல்லது ஒன்று, இரண்டு செ.மீ. பின்னால் இருக்கவேண்டும் என்பது மரபு. ஏன் சற்றுப் பின்னால் என்பதை மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஈர்ப்பு மையம் படிக்கு 25 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழுக்கி ஓடும்போது விமானம் 4 பாகை மூக்கைத் தூக்கினால், ஈர்ப்பு மையம் 25 × டான் 4°, அதாவது சுமார் 1.7 செ.மீ. பின்னுக்கு நகரும். படியை முன்கூட்டியே அந்த அளவு பின்னால் வைத்திருந்தால், ஓடும் நிலையில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று வந்து நிற்கும். எலிவேட்டரைச் சிறிது அசைத்தாலே விமானம் சொல்பேச்சுக் கேட்கும்.

இறக்கைக்கும் மிதவைக்கும் இடையிலான கோணம்

மிதவையின் மேற்பரப்பை அளவுகோடாகக் கொண்டு, இறக்கையின் குறுக்குக்கோடு அதைவிட 2 பாகை அளவு மேல்நோக்கி இருக்குமாறு பொருத்துவார்கள். மிதவை 4 பாகை உயர்ந்து ஓடும்போது இறக்கை காற்றை 6 பாகையில் சந்திக்கும். எழுவதற்கு அது போதுமானது. தாங்குதிறன் இழக்கும் கோணத்துக்கு வெகு கீழேயும் இருக்கிறது. மிதவையின் மூக்கை அளவுக்கு மீறித் தூக்கிப் பொருத்தினால் இறக்கையின் கோணம் குறைந்துபோகும். விமானம் படகுபோல ஏரியின் மறுகரை வரை ஓடும், எழாது. மூக்கைத் தாழ்த்திப் பொருத்தினால் நீரில் மூக்குக் குத்தும். ஒரு பாகை பிழையும் நீரில் தெரியும் என்பதால் இதைக் கண்ணால் மதிப்பிடக்கூடாது. விமானத்தை மேசைமேல் வைத்து, இறக்கையின் முன் விளிம்பு, பின் விளிம்பு, மிதவையின் இரு முனைகள் ஆகியவற்றின் உயரத்தை அளந்து சரிபார்க்கவேண்டும்.

மிதவை செய்தல்

கடைகளில் வார்த்த மிதவைகள் கிடைக்கின்றன. நுரைப் பொருளில் வரும் பல ஆயத்த விமானங்களுக்கு அவற்றின் அளவுக்கேற்ற மிதவைகளும் விற்பனைக்கு உண்டு. வீட்டில் செய்வதானால், கட்டடங்களில் வெப்பத்தடுப்புக்குப் பயன்படும் அடர்த்தியான நீல அல்லது இளஞ்சிவப்பு நுரைப் பலகை சிறந்தது. உருண்டை உருண்டையாக உதிரும் சாதாரண தெர்மாக்கோலைவிட இது நீரைக் குறைவாக உறிஞ்சும். ஒட்டுப்பலகையில் பக்கவாட்டு வடிவத்தை இரண்டு அச்சாக வெட்டி, நுரைக் கட்டையின் இருபுறமும் குத்தி, சூடேற்றிய கம்பியால் அறுத்தால் இரண்டு மிதவைகளும் ஒரே மாதிரி வரும். நம் எடுத்துக்காட்டில் இரண்டுக்கும் சேர்த்து நுரையின் எடை 180 கிராம் அளவில் இருக்கும்.

வெறும் நுரை கரையில் உரசினாலே பிய்ந்துவிடும். ஆகவே மெல்லிய கண்ணாடியிழைத் துணியை எபாக்சிப் பிசினால் மேலே ஒட்டவேண்டும். பாலியெஸ்டர்ப் பிசினைத் தொடவே கூடாது. அது நுரையைக் கரைத்துக் குழியாக்கிவிடும். சாதாரண உடனடிப் பசையும், தெளிப்பு வண்ணங்கள் பலவும் அப்படியே. எதையும் முதலில் ஒரு துண்டில் பூசிப் பார்த்துவிடுவது நல்லது. பால்சா மரச்சட்டத்தில் உள்ளீடற்ற மிதவை செய்பவர்களும் உண்டு. அது இலேசானது, பார்க்கவும் அழகானது. ஆனால் ஒரு சிறு ஓட்டை போதும், மிதவை நிரம்பிவிடும். நுரை மிதவையில் ஓட்டை விழுந்தாலும் விமானம் கரை சேரும் என்பதால் முதல் முயற்சிக்கு நுரையே மேல்.

அடிப்பகுதி தட்டையாக இருக்கலாமா, 'வி' வடிவில் இருக்கவேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 'வி' வடிவம் நீரில் மெத்தென்று இறங்கும், நேராக ஓடும். தட்டை அடி விரைவாக நீர்மேல் ஏறும், செய்வதும் எளிது. இரண்டு கிலோ அளவுள்ள விமானத்துக்குத் தட்டை அடியே போதும்.

விமானத்தில் பொருத்துதல்

முன் கம்பிகளுக்குச் சிக்கல் இல்லை. சக்கரக் கம்பி இருந்த அதே இடத்தில், அதே துளைகளில் பொருந்துமாறு 4 மி.மீ. எஃகு ஸ்பிரிங் கம்பியை வளைத்துக்கொள்ளலாம். பின் கம்பிகளுக்குத்தான் விமானத்தில் இடமே இருக்காது. இறக்கையின் பின் விளிம்புக்குக் கீழே, உடலின் உட்புறத்தில் 3 மி.மீ. ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்றை எபாக்சியால் ஒட்டி, அதில் கம்பியைத் திருகவேண்டும். வெறும் பால்சாத் தகட்டிலோ நுரையிலோ திருகினால் முதல் முரட்டு இறக்கத்திலேயே பிடுங்கிக்கொண்டு போகும். மிதவையின் மேற்புறத்திலும் கம்பி அமரும் இடங்களில் ஒட்டுப்பலகைப் பட்டைகள் பதிக்கப்படவேண்டும்.

இரு மிதவைகளையும் முன்னும் பின்னும் குறுக்குக் கம்பிகளால் இணைக்கவேண்டும். அவை விலகாமலும் நெருங்காமலும் காப்பவை இவையே. ஒரு மூலைவிட்டக் கம்பியும் சேர்ந்தால் அமைப்பு முறுக்காது. முடிவில் மூக்குகளுக்கு இடையிலான தொலைவையும் வால்களுக்கு இடையிலான தொலைவையும் அளக்கவேண்டும். இரண்டும் சமமாக இல்லாவிட்டால் மிதவைகள் ஒன்றையொன்று எதிர்த்து ஓடும், நீர் வாரியடிக்கும்.

எல்லாம் பொருத்திய பிறகு ஈர்ப்பு மையத்தை மீண்டும் பார்க்கவேண்டும். முன்பு தரையில் பறந்தபோது இருந்த அதே இடத்தில் அது இருக்கவேண்டும். மாறியிருந்தால் பேட்டரியை நகர்த்திச் சரிசெய்யலாம்.

மிதவைகளின் பக்கப்பரப்பில் பெரும்பகுதி ஈர்ப்பு மையத்துக்கு முன்னால் இருப்பதால், காற்றில் விமானத்தின் திசை நிலைப்பு குறைகிறது. வால் ஆடும்; திரும்பும்போது மூக்கு விலகும். இதற்கு மாற்றாக வாலின் அடியில் சிறு துடுப்பு ஒன்றை ஒட்டுவார்கள். செங்குத்து வாலின் பரப்பில் கால் பங்கு அளவில் தொடங்கிப் பார்க்கலாம். நீரில் மெதுவாகச் செல்லும்போது திருப்புவதற்கு நீர்ச்சுக்கான் வேண்டும். ஒரு மிதவையின் வாலில், இரண்டு விரல் அகலத் தகடு ஒன்றைக் கீல் வைத்துப் பொருத்தி, விமானத்தின் ரட்டரை இயக்கும் சர்வோவோடு இணைத்தால் போதும். கரையில் இடித்தால் மேலே மடங்கிக்கொள்ளும்படி அமைப்பது புத்திசாலித்தனம்.

மின்கருவிகளும் நீரும்

விமானம் ஒருநாள் கவிழும் என்று எண்ணியே கருவிகளை அமைக்கவேண்டும். மின்மோட்டாரின் சுருள்கள் பூச்சுள்ளவை; நன்னீரில் நனைந்தால் பெரிய கேடில்லை. தாங்கிகள் துருப்பிடிக்காமல் எண்ணெய் விட்டால் சரி. வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் ரிசீவரும் அப்படியல்ல. ரிசீவரை ஒரு பலூனுக்குள் நுழைத்து, கம்பிகள் வெளிவரும் வாயைக் கட்டிவிடுவது பழைய வழி, இன்றும் பயன்படுகிறது. சுற்றுப்பலகைகளுக்கென்றே விற்கும் சிலிகோன் பூச்சைப் பூசுவது இன்னொரு வழி. மூடியின் விளிம்புகளை ஒட்டுநாடாவால் அடைக்கலாம். ஆனால் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்குக் காற்று போகும் வழியையும் சேர்த்து அடைத்துவிட்டால் அது சூட்டில் கருகும். தெறிப்பு எட்டாத உயரத்தில் ஒரு துளை விடவேண்டும்.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகள் நீரில் ஊடுருவுவதில்லை. கவிழ்ந்த விமானத்தின் ஆன்டெனா நீருக்குள் போனதும் தொடர்பு அறுந்துவிடும். அந்நேரத்தில் மோட்டார் தானாக நிற்கும்படி ரிசீவரில் முன்கூட்டியே அமைத்து, கரையில் சோதித்துக்கொள்ளவேண்டும். உப்புநீரில் விழுந்த விமானத்தை உடனே நன்னீரில் அலசி உலர்த்தவேண்டும். அதன் லித்தியம் பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுபோய் உடனே மின்னேற்றக்கூடாது. வெளியே, எரியக்கூடிய பொருள்கள் இல்லாத இடத்தில் வைத்துக் கவனிக்கவேண்டும்.

நீரில் ஓட்டுதல்

காற்றை எதிர்நோக்கி மெல்ல ஓடும்போது எலிவேட்டரை மேல்நோக்கிப் பிடித்திருக்கவேண்டும், மூக்கு மூழ்காது. காற்று பின்னாலிருந்து வீசும்போது அதை நடுவில் விட்டுவிடவேண்டும். இல்லையேல் காற்று வாலுக்கு அடியில் புகுந்து தூக்கிக் கவிழ்க்கும். நின்ற விமானம் தானாகவே காற்றை நோக்கித் திரும்பும். இது தொல்லை போலத் தோன்றினாலும் ஓட்டுநருக்கு உதவிதான்: எழுவதற்குச் சரியான திசையை விமானமே காட்டிவிடுகிறது.

எழும்போது எலிவேட்டரை மேலே இழுத்துப் பிடித்து, மோட்டாரின் வேகத்தைச் சீராகக் கூட்டவேண்டும். முதலில் விமானம் மூக்கைத் தூக்கி, நீரை உழுதுகொண்டு திணறும். இழுப்பு மிக அதிகமாக இருக்கும் கட்டம் இதுவே. ஒரிரு விநாடிகளில் அது தன் அலையின்மேல் ஏறிப் படியில் ஓடத் தொடங்கும்; தெறிப்பு குறைந்து வேகம் சட்டென்று கூடுவது கண்ணுக்குத் தெரியும். அப்போது எலிவேட்டரைத் தளர்த்திவிட்டுக் காத்திருக்கவேண்டும். பலரும் தவறுவது இங்கேதான். இன்னும் இழுத்துப் பிடித்தால் மிதவையின் வால் மீண்டும் நீரில் தோயும், அல்லது விமானம் ஓங்கில் மீனைப்போல மேலும் கீழும் துள்ளும். துள்ளல் தொடங்கினால் அதோடு போராடாமல் வேகத்தைக் குறைத்து, நின்று, மறுபடி தொடங்குவதே சரி.

கண்ணாடி போல அசைவற்ற நீரே எழ எளிது என்று எண்ணத் தோன்றும். உண்மை நேர்மாறானது. அசைவற்ற நீர் மிதவையை இறுகப் பற்றும். சிற்றலைகள் இருந்தால் அவை காற்றைக் கலந்து பிடியைத் தளர்த்தும். எழ மறுக்கும் விமானத்தை ஒரு வட்டம் ஓடவிட்டு, அது உண்டாக்கிய அலைகளின் குறுக்கே எழுப்புவது அனுபவசாலிகளின் உத்தி. ஆனால் அலைக்கும் ஓர் எல்லை உண்டு. 11 மீட்டர் இறக்கை கொண்ட செஸ்னா 172 விமானத்தோடு ஒப்பிட்டால் நம் விமானம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. நமக்கு 10 செ.மீ. அலை என்பது அதன் ஓட்டுநருக்கு 70 செ.மீ. அலை. அவரும் அன்று பறக்கமாட்டார்.

இறங்கும்போது மோட்டாரை முழுவதும் அணைக்காமல், சிறிது வேகத்தோடு, மூக்கைச் சற்றே தூக்கியபடி, படி முதலில் நீரைத் தொடுமாறு வரவேண்டும். அசைவற்ற நீரில் உயரம் கணிப்பது கடினம். கரைக்கு அருகில், செடியோ கல்லோ கண்ணில் படும் இடத்தில் இறக்குவது பாதுகாப்பானது. நீரைத் தொட்டதும் மோட்டாரை அணைத்தால் மிதவைகள் விரைவில் விமானத்தை நிறுத்திவிடும்.

இடத் தேர்வும் மீட்பும்

இந்தியாவில் பொழுதுபோக்கு மாதிரி விமானங்களும் 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளுக்குள் வருகின்றன. பறக்க எண்ணும் இடம் பச்சை, மஞ்சள், சிவப்பு ஆகிய மண்டலங்களில் எதில் உள்ளது என்பதை அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துக்கொள்ளவேண்டும். பறவைகள் கூடும் நீர்நிலைகளையும், மக்கள் குளிக்கும் துறைகளையும், மீன்வலை விரித்த இடங்களையும் தவிர்க்கவேண்டும்.

மோட்டார் நின்று விமானம் ஏரியின் நடுவில் மிதக்கும் நாள் ஒவ்வொருவருக்கும் வரும். கவிழாமல் நிற்கும் விமானத்தைப் பொறுத்தவரை பதற்றம் வேண்டாம். காற்று அதை மெல்லத் தள்ளிக்கொண்டுபோய் எதிர்க்கரையில் சேர்த்துவிடும். அதனால்தான் இடம் தேர்ந்தெடுக்கும்போதே, காற்று வீசும் பக்கத்துக் கரைக்கு நடந்து செல்ல வழி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கவிழ்ந்துவிட்டால் தூண்டில் கோலும் நீண்ட நூலும் டென்னிஸ் பந்தும் உதவும். பந்தை விமானத்துக்கு அப்பால் எறிந்து, நூலை அதன்மேல் படியவிட்டு, மெல்ல இழுக்கவேண்டும். வானொலிக் கட்டுப்பாட்டுப் படகு ஒன்றை வைத்துத் தள்ளிக்கொண்டு வருவோரும் உண்டு. துடுப்புப் படகோ பரிசலோ இருந்தால், உயிர்காப்பு உடை அணிந்து, கரையில் ஒருவரை நிறுத்திவிட்டுப் போகலாம்.

நீந்திப் போய் எடுக்கவே கூடாது. நன்றாக நீந்துபவருக்கும் இது பொருந்தும். விமானம் கண்ணுக்கு எட்டும் தொலைவில்தான் தெரியும். காற்று அதை நீந்துபவரைவிட வேகமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். துரத்துபவர் தாம் எவ்வளவு தொலைவு வந்துவிட்டோம் என்பதை உணர்வதற்குள் களைத்துப்போவார். ஏரிகளின் அடியில் சேறும், காலைச் சுற்றும் நீர்க்கொடிகளும், மண் அள்ளிய குழிகளும் இருக்கும். மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், முதல் விமானத்தை நீரில் வைப்பதற்கு முன்பே இதைச் சொல்லி, தூண்டில் கோல் யார் கையில் இருக்கும் என்பதையும் முடிவுசெய்துவிடவேண்டும்.